கடைச் சாமான் பழுதென்றால் யாரிடம் போவது? மலையகத்தில் சுகாதார, நுகர்வோர் முறைப்பாடுகளுக்கு முழுமையான வழிகாட்டி

இலங்கையின் மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் சின்னதாக ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, ரீலோட், பிள்ளைகளின் பாடசாலை வேலைகளுக்கு டைப்பிங். இவற்றோடு கேட்காமலே வந்து ஒட்டிக்கொண்ட இன்னொரு வேலை, கடிதம் எழுதிக் கொடுப்பது. முன்பெல்லாம் பிறப்புச் சான்றிதழ், ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) விஷயமாகத்தான் வருவார்கள். இப்போது "பிள்ளைக்கு வாங்கின பிஸ்கட்டுல புழு தம்பி, இத யாருக்கு எழுதணும்?" என்றும் வருகிறார்கள்.

இந்த விஷயத்தில் எனக்கும் ஒரு சூடு பட்ட கதை உண்டு. ஒரு தடவை டவுனில் ஒரு கடையில் 400 கிராம் பால்மா பக்கற் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், திகதி இருக்க வேண்டிய இடத்தைத் தின்னர் தொட்டுத் துடைத்த மாதிரி இருந்தது. கோபத்தோடு கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். முதலாளி சிரித்த முகத்தோடு வேறு பக்கற் கொடுத்தார். பழையதை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். மனம் ஆறாமல் நகர சபைக்குப் போனேன். "இது எம்.ஓ.எச். ஒபீசுக்குப் போக வேண்டியது" என்றார்கள். சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனை அது. அங்கே போனால், "பக்கற் எங்கே? பில் எங்கே?" இரண்டும் இல்லை. மறுநாள் அந்தக் கடை ராக்கையில் அந்த வகைப் பால்மா ஒன்றுகூட இல்லை. நான் போட்ட சத்தம்தான் முதலாளிக்குக் கிடைத்த முன்னறிவித்தல்.

அன்றைக்குப் புரிந்தது ஒன்று. சட்டம் நிறைய இருக்கிறது. சரியான கதவைத் தட்டாததாலும், தட்டும்போது கையில் ஒன்றும் இல்லாததாலும்தான் முறைப்பாடுகள் சாகின்றன. கீழே எழுதியிருப்பது அந்த இரண்டையும் சரிசெய்யும் வழி.

முதலில் எந்தக் கதவு என்று பாருங்கள்

சாப்பாடு கெட்டது, புழு, பூஞ்சணம், காலாவதியானது, சமையலறை அசுத்தம், பேக்கரியில் எலி, இறைச்சிக் கடையில் நாற்றம் – இதெல்லாம் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்குள் வரும். பார்க்க வேண்டியவர் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். நம் வாயில் பி.எச்.ஐ. அவருக்கு மேலே சுகாதார வைத்திய அதிகாரி, அதாவது எம்.ஓ.எச்.

இங்கேதான் பலருக்கும் குழப்பம். நுவரெலியா, பதுளை, பண்டாரவளை போன்ற மாநகர சபைகள் சொந்தமாகவே சுகாதாரப் பிரிவு வைத்திருப்பதால் சபைக் கட்டடத்துக்கே போகலாம். நகர சபைகளிலும் பிரதேச சபைகளிலும் பெரும்பாலும் அப்படியில்லை. அங்கே பி.எச்.ஐ. இருப்பது மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் எம்.ஓ.எச். பணிமனையில். கடைக்கு உரிமம் கொடுப்பது சபை, உள்ளே போய்ப் பரிசோதிப்பது பி.எச்.ஐ. ஆகவே கடிதத்தை எம்.ஓ.எச்.சுக்கு எழுதி, பிரதியைச் சபைச் செயலாளருக்கு அனுப்புவதுதான் நல்லது. ஒருவர் மற்றவரைக் கைகாட்ட வழியிருக்காது.

விலை, பில், உத்தரவாதம், போலிச் சாமான், பதுக்கல் – இவை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் வேலை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், தொலைபேசி 1977. மாவட்டத்துக்கான அலுவலர்களைக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், விசாரித்தால் பிடிக்கலாம். காலாவதிச் சாமான் என்றால் இவர்களும் வரலாம், பி.எச்.ஐ.யும் வரலாம். யார் முதலில் வருவார்களோ அவர்களிடம் போங்கள்.

தராசில் சந்தேகம் என்றால் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் பரிசோதகர். வியாபாரத் தராசுக்கு வருடா வருடம் முத்திரை குத்த வேண்டும். அடுத்த முறை மரக்கறி வாங்கும்போது முத்திரை எங்கே என்று எட்டிப் பாருங்கள், கடைக்காரர் முகம் மாறும் விதமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். (தேயிலைக் கொழுந்து நிறுக்கிற தராசின் சண்டை வேறு கதை, அது தொழிற்சங்கத்தின் பாடு.)

குப்பை, அடைத்த கான் (வடிகால்), சந்தைக் கழிவறை, உரிமமில்லாத கடை ஆகியவை நேரடியாகச் சபைக்கு. 21 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குச் சிகரெட் விற்றால் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பி.எச்.ஐ.யிடமும் சொல்லலாம், பொலிசிலும் சொல்லலாம்.

"இது தோட்டக் காணி" என்று சொன்னால்

தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கிற கடையைப் பற்றிப் போய்ச் சொன்னால் சில இடங்களில் இன்னும் இந்தப் பதில் வரும். இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை பணம் செலவழித்து வேலை செய்வதற்குப் பெரிய தடையாக இருந்தது. ரோட்டுப் போடவும் முடியாது, கான் வெட்டவும் முடியாது. ஓட்டு மட்டும் போடலாம்! 2018இல் கொண்டுவந்த 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்தப் பூட்டைத் திறந்தது. அதே வருடம் மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய பிரதேச சபைகளும் இயங்கத் தொடங்கின.

ஆனால் கவனியுங்கள், அந்த 33ஆம் பிரிவு பேசியது சபையின் செலவுகளையும் சேவைகளையும். உணவுச் சட்டமோ விற்பனைக்கு வைத்த உணவைப் பற்றியது, அது காணி யாருடையது என்று கேட்பதில்லை. லயத்துக் காம்பராவின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) முன்வாசலில் வைத்து விற்றாலும், தோட்டத்துக் கூட்டுறவுக் கடையில் விற்றாலும், சம்பள நாளில் லொறியில் கொண்டுவந்து மைதானத்தில் விற்றாலும் ஒன்றுதான். "தோட்டக் காணி" என்ற பதிலைக் கேட்டால், பணிவாக, "அதை எழுத்தில் தருவீங்களா ஐயா?" என்று கேளுங்கள். இதுவரை எழுதித் தந்தவரை நான் கண்டதில்லை.

லொறி வியாபாரிகளைப் பற்றிக் கொஞ்சம் தனியாகச் சொல்ல வேண்டும். பெயர்ப் பலகை இல்லாத கடை அது. அடுத்த மாதம் வேறு டிவிஷனில் இருக்கும். வாகன இலக்கத்தைப் போனில் படம் எடுத்து வைக்காவிட்டால் முறைப்பாடு காற்றில் போகும்.

சாட்சியம்: சத்தம் போடாமல் சேர்க்க வேண்டியது

முதலில் நான் செய்ததைச் செய்யாதீர்கள். கடைக்குத் திரும்பிப் போகவே வேண்டாம். போனாலும் சண்டைக்குப் போகாமல், ராக்கையில் இன்னும் எத்தனை இருக்கிறது என்று பார்க்கப் போங்கள்.

ஏன் தெரியுமா? நீங்கள் கொண்டுபோய்க் காட்டும் பக்கற்றை வைத்து மட்டும் வழக்குப் போடுவது கஷ்டம். "இது என் கடைச் சாமானே இல்லை" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார் முதலாளி. பி.எச்.ஐ. நேரில் போய், கடையிலிருந்தே எடுக்கும் மாதிரிதான் வழக்கின் உயிர். ஆகவே உங்கள் கையில் இருப்பதை, அவரைக் கடைக்கு வரவைக்கும் துருப்புச்சீட்டாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வரும்வரை மீதிச் சாமான் ராக்கையிலேயே இருக்க வேண்டும்.

பக்கற்றைத் திறக்காமல் வைத்திருங்கள். திறந்துவிட்டால் அப்படியே இன்னொரு பையில் போட்டுக் கட்டி, கெடக்கூடியதாக இருந்தால் குளிரூட்டியில் வையுங்கள். காலாவதித் திகதி, தொகுதி எண், உற்பத்தியாளர் முகவரி மூன்றும் தெரியும்படி படம் எடுங்கள். திகதிக்கு மேல் புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரிக்க வேண்டாம். விரல் துருதுருக்கும், எனக்கும் அப்படித்தான். உரிக்கிற வேலையைப் பி.எச்.ஐ. பார்த்துக்கொள்ளட்டும்.

பில் பற்றி. நம் ஆட்கள் பில் கேட்கக் கூச்சப்படுவார்கள். "என்ன தங்கச்சி, நம்பிக்கை இல்லையா?" என்று முதலாளி கேட்டால் போதும், பேசாமல் வந்துவிடுவார்கள். நுகர்வோர் சட்டப்படி கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. கையால் எழுதிய துண்டானாலும் கடையின் பெயரும் திகதியும் இருந்தால் போதும்.

சமைத்த சாப்பாடு வேறு மாதிரி. சோற்றுப் பார்சலையும் கொத்து ரொட்டியையும் மூன்று நாள் வைத்திருந்து காட்ட முடியாது. அன்றைக்கே, முடிந்தால் அந்த மணித்தியாலத்திலேயே பி.எச்.ஐ.க்குப் போன் செய்வதுதான் வழி. எம்.ஓ.எச். பணிமனை இலக்கம் தெரியாவிட்டால் 1919 என்ற அரசாங்கத் தகவல் நிலையத்தில் கேட்கலாம்.

கடன் கொப்பி என்ற பூட்டு

சட்டப் புத்தகத்தில் இல்லாத தடை இதுதான். தோட்டத்தில் மாதக் கடைசியில் அரிசியும் மாவும் கடனுக்குத்தான் வரும். யாரைப் பற்றி முறையிட வேண்டுமோ, அவருடைய கொப்பியில்தான் உங்கள் பெயரும் இருக்கிறது. ஒரு அக்கா என்னிடம் கடிதத்தைப் பாதி எழுதவிட்டு நிறுத்தினார். "நாளைக்கு மாவு குடுக்கலன்னா என்ன தம்பி செய்றது?" இதற்குத் தைரிய வசனம் பேசிப் பயனில்லை.

செய்யக்கூடியது மூன்று. ஒன்று, பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டு முறையிடுவது. வழமையான பரிசோதனை என்று சொல்லி எந்த நாளும் கடைக்குள் போக பி.எச்.ஐ.க்கு அதிகாரம் இருக்கிறது, "யார் சொன்னது" என்று சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இல்லை. இரண்டாவது, தனியாகப் போகாமல் கோயில் குழு, மாதர் சங்கம், மரண உதவிச் சங்கம் என்று ஏதாவது ஒரு கூட்டத்தின் பெயரில் எழுதுவது. முப்பது பேருக்குக் கடனை நிறுத்தினால் கடைக்காரருக்கே வியாபாரம் இல்லை. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது, அது ஆஸ்பத்திரி வழி.

வயிற்றில் பட்டுவிட்டால்

உணவு நஞ்சாதல், நெருப்புக்காய்ச்சல், செங்கண்மாரி, வயிற்றுளைவு இவையெல்லாம் இலங்கையில் அறிவிக்க வேண்டிய நோய்கள். அதாவது, இவற்றில் ஒன்று என்று சந்தேகம் வந்தாலே சிகிச்சை கொடுக்கும் வைத்தியர் எச் 544 என்ற படிவத்தை நிரப்பி எம்.ஓ.எச்.சுக்கு அனுப்ப வேண்டும். அதன்பின் பி.எச்.ஐ. விசாரிக்க வீட்டுக்கு வருவார். இதற்கெல்லாம் அடி, 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்னும் நன்றாகவே வேலை செய்கிறது.

ஆகவே வாந்தி, பேதி என்று டிக்கோயா ஆஸ்பத்திரிக்கோ நுவரெலியா ஆஸ்பத்திரிக்கோ போனால், "வயிறு சரியில்லை டொக்டர்" என்று நிறுத்தாதீர்கள். எங்கே, எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டீர்கள், கூடச் சாப்பிட்ட வேறு யாருக்கு இப்படி இருக்கிறது என்பதையெல்லாம் சொல்லுங்கள். நோயை அறிவிப்பது வைத்தியர், நீங்கள் முறைப்பாடு செய்தவராகவே ஆக மாட்டீர்கள். கடையில் பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டுப் படுத்தால் இந்தச் சங்கிலி தொடங்குவதே இல்லை.

சில நேரம் கடை மேல் பழி போட்டால், கடைசியில் குற்றவாளி தண்ணீராக இருக்கும். 2007இல் கம்பளையில் செங்கண்மாரி பரவியதைப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. பீலித் தண்ணீரில் (மலை ஊற்றுத் தண்ணீர்) சந்தேகம் இருந்தால் அதையும் பி.எச்.ஐ.யிடம் சொல்லுங்கள். மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவதும், குளோரின் போடச் சொல்வதும் அவருடைய வேலைக்குள் வருவதுதான்.

கடிதம் எப்படி எழுதுவது

தமிழிலேயே எழுதலாம். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தரும் உரிமை அது. எனக்கு இத்தனை வருட அனுபவத்தில் தெரிந்தது, கடிதத்தில் கோபம் கூடக் கூட அதன் பலன் குறையும். "மக்களின் உயிரோடு விளையாடும் கொடியவர்கள்" என்று தொடங்கும் கடிதத்தை யாரும் இரண்டாம் பந்தி வரை படிப்பதில்லை. நான் எழுதிக் கொடுப்பது இப்படி:

"சுகாதார வைத்திய அதிகாரி அவர்களுக்கு,

நான் … திகதி பிற்பகல் 4.30 மணியளவில், … நகரில் பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள … கடையில் டின்மீன் 2 வாங்கினேன். பில் பிரதி இணைத்துள்ளேன். டின்னில் உள்ள காலாவதித் திகதி …, தொகுதி எண் …. இதே தொகுதி டின்கள் சுமார் 15, மறுநாள் காலையிலும் கடையின் இடப்பக்க ராக்கையில் இருந்தன. நான் வாங்கியவை திறக்கப்படாமல் என்னிடம் உள்ளன. பரிசோதித்து, உணவுச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுத்து, முடிவை எழுத்தில் அறியத் தரவும். என் பெயரைக் கடைக்காரருக்குத் தெரிவிக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

பிரதி: செயலாளர், … பிரதேச சபை."

"இடப்பக்க ராக்கை" என்ற ஒரு சொல்லுக்கு உள்ள பலம் பெரியது. போகிறவர் நேராக அங்கே கை வைப்பார். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். இல்லாவிட்டால் பதிவுத் தபால். அந்தத் துண்டைப் பிரதியோடு பின் பண்ணி வையுங்கள்.

அதன் பிறகு என்ன நடக்கும்

பி.எச்.ஐ. மஹத்தயா வந்தால் அன்றைக்கே கடைக்குப் பூட்டு என்று எதிர்பார்க்காதீர்கள். இடத்திலேயே தண்டப்பணம் வாங்கும் அதிகாரமும் அவருக்கு இல்லை. தண்டம் விதிப்பது நீதவான்.

அவர் செய்யக்கூடியவை இவை. கடைக்குள் நுழையலாம். சமையலறை, களஞ்சியம், குளிரூட்டி எல்லாம் பார்க்கலாம். உணவுக் கடைகளைத் தரப்படுத்த எச் 800 என்ற படிவம் இருக்கிறது, அதில் குறித்துக்கொள்வார். வேலையாட்களின் மருத்துவச் சான்றிதழ் கேட்பார். சின்னக் குறை என்றால் திருத்தச் சொல்லிக் கால அவகாசம் கொடுத்து எழுத்தில் அறிவித்தல் தருவார். பாவிக்க முடியாத சாமானைக் கைப்பற்றுவார். உரிமையாளர் எழுத்தில் சம்மதித்தால் அழிக்கலாம், இல்லாவிட்டால் நீதவானின் உத்தரவோடு. கலப்படச் சந்தேகம் என்றால் மாதிரியை மூன்றாகப் பிரித்து முத்திரை வைத்து, ஒன்றைக் கடைக்காரரிடமே கொடுப்பார், ஒன்று பகுப்பாய்வாளருக்குப் போகும், ஒன்று அவரிடம் இருக்கும். கடைக்காரரிடமே ஒரு பங்கு கொடுப்பது ஏன் என்று பலர் என்னிடம் கோபமாகக் கேட்டிருக்கிறார்கள். அவரும் தன் பக்கத்தை நிரூபிக்க வழி இருக்க வேண்டும் அல்லவா!

பகுப்பாய்வு அறிக்கை வர நாள் எடுக்கும். மிளகாய்த் தூளில் அரிசி மாவு, தேயிலைத் தூளில் சாயம் மாதிரி விஷயங்களுக்கு அந்த அறிக்கை இல்லாமல் வழக்கு நகராது. (நாட்டுக்கே தேயிலை பறிக்கிற ஆட்கள் டவுனில் கலப்படத் தூள் வாங்கிக் குடிக்கிறோம் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரிவதில்லை.) காலாவதித் திகதி கடந்தது என்றால் அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. திகதியே சாட்சி.

தண்டம் கட்டிய கடை அடுத்த வாரம் திறந்திருக்கும். அதைப் பார்த்து மனம் நொந்து, "காசு கொடுத்துச் சரிக்கட்டிட்டான்" என்று பேசிக்கொள்வார்கள். பெரும்பாலும் அப்படியில்லை. முதல் குற்றத்துக்குச் சட்டம் செய்வது அவ்வளவுதான். இரண்டாம், மூன்றாம் தடவை பதிவானால்தான் பாரம் ஏறும். முதல் முறைப்பாட்டின் பிரதியைப் பத்திரமாக வைக்கச் சொல்வதும் அதனால்தான்.

விலைப் பிரச்சினை

அச்சிட்ட உயர்ந்தபட்ச சில்லறை விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம். 2021ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, கட்டுப்பாட்டு விலையை மீறும் தனி வியாபாரிக்குக் குறைந்தது 1 லட்சம், கம்பனி என்றால் குறைந்தது 5 லட்சம் ரூபாய் தண்டம். பேர்மிட் இல்லாத பெட்டிக்கடைக்கும் இது பொருந்தும்.

சிவனொளிபாத மலை சீசனில், டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) மே மாத வெசாக் வரை, மலையடிவார ஊரான நல்லதண்ணியில் இது பெரிய தலைவலி. 2025 ஏப்ரலில் வந்த உத்தரவுப்படி 500 மில்லிலீட்டர் தண்ணீர்ப் போத்தல் 70 ரூபாய், 1 லீட்டர் 100 ரூபாய். மேலே ஏற ஏற விலையும் ஏறும். "தூக்கிட்டு வந்த கூலி யார் தர்றது?" என்பார் கடைக்காரர். அவர் முதுகைப் பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றும். எனக்கும் அதில் கொஞ்சம் உடன்பாடு உண்டு. ஆனால் சட்டத்தில் உயரத்துக்கு என்று தனி விலை கிடையாது. அவர் வேண்டுமானால் தேத்தண்ணியின் விலையைக் கூட்டி, பலகையில் எழுதி வைத்து விற்கலாம்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் இரண்டு வழி இருக்கிறது, பலர் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். 1977க்குச் சொல்லிச் சோதனைக்கு அழைப்பது ஒன்று. அது நீதவான் நீதிமன்றத்தில் முடியும், உங்கள் காசு திரும்பாது. காசு திரும்ப வேண்டும், அல்லது பழுதான போனை, குக்கரை மாற்றித் தர வேண்டும் என்றால் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். வாங்கி 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், இது முக்கியம். "அடுத்த மாசம் வாங்க, கம்பனிக்கு அனுப்பியிருக்கு" என்று கடைக்காரர் இழுப்பதே அந்த மூன்று மாதத்தைக் கடத்தத்தான் என்று சில சமயம் எனக்குத் தோன்றும். விசாரித்து, பணத்தைத் திருப்பவோ, சாமானை மாற்றவோ, நட்டஈடு கொடுக்கவோ அதிகார சபை உத்தரவிடலாம். கொடுக்காவிட்டால் நீதிமன்றம் மூலம் தண்டம் போல அறவிடலாம்.

ஒரு மாதமாகியும் பதில் இல்லையா?

முதலில் நேரில் போய், முத்திரையிட்ட பிரதியைக் காட்டிக் கேளுங்கள். ஒரு பி.எச்.ஐ.க்கு எத்தனை தோட்டம், எத்தனை பாடசாலை, எத்தனை டெங்குச் சோதனை என்று பார்த்தால் தாமதத்துக்குக் காரணம் எப்போதும் அலட்சியம் இல்லை. அடுத்தது உங்கள் வட்டார உறுப்பினர். 2023 மார்ச்சிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் சபைகளில் உறுப்பினரே இல்லை, செயலாளர்தான் எல்லாம். 2025 மே தேர்தலுக்குப் பிறகு மறுபடியும் ஆள் இருக்கிறார்கள். கல்யாண வீட்டுக்கு மட்டும் கூப்பிடாமல் இதற்கும் கூப்பிடுங்கள். சபையின் மாதக் கூட்டத்தில் கடிதத்தின் திகதியைச் சொல்லி ஒரு கேள்வி கேட்டால் அது கூட்டறிக்கையில் ஏறும்.

அதுவும் நடக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். எம்.ஓ.எச். பணிமனையின் அல்லது சபையின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. "நடவடிக்கை எடுத்தீர்களா?" என்று கேட்டால், "எடுக்கப்பட்டு வருகிறது" என்று ஒரு வரி வரும். அப்படிக் கேட்காமல், கையில் காகிதம் வரும்படி கேளுங்கள்: "… திகதியிட்ட என் முறைப்பாடு தொடர்பாக அந்தக் கடையைப் பரிசோதித்த திகதி, பரிசோதனை அறிக்கையின் பிரதி, கொடுத்த அறிவித்தலின் பிரதி, வழக்கு இலக்கம்." 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அடுத்த 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் 2 மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. நான் எழுதிக் கொடுத்ததில் ஆணைக்குழு வரை போனது ஒன்றே ஒன்று. மற்றவற்றுக்கெல்லாம் தகவல் விண்ணப்பம் போய்ச் சேர்ந்த அந்த வாரமே பி.எச்.ஐ.யின் மோட்டார் சைக்கிள் கடை வாசலில் நின்றது.